பிள்ளைக்குக் குடியுரிமை, அப்பாவுக்கு ஓராண்டு முத்திரை

தாய்லாந்தின் குடிவரவுச் சட்டம் 1979-ஆம் ஆண்டினுடையது. ஒரு வெளிநாட்டவர் என்னென்ன காரணங்களுக்காக அந்நாட்டில் தற்காலிகமாகத் தங்கலாம் என்று அதன் 34-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. தூதரகப் பணி, சுற்றுலா, விளையாட்டு, வணிகம், முதலீடு, படிப்பு, பத்திரிகைப் பணி, மதப் பணி, ஆராய்ச்சி, வேறு நாட்டுக்குப் போகிற வழியில் இறங்குவது, கப்பலிலோ விமானத்திலோ பணியாளாக வருவது எல்லாம் அதில் உண்டு. பெற்ற பிள்ளையோடு சேர்ந்து வாழ வருவது அந்த வரிசையில் இல்லை. தாய்லாந்துக் குடியுரிமை உள்ள குழந்தைக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கும் வெளிநாட்டவர், பட்டியலின் கடைசியில் ‘இதர காரணங்கள்’ என்று விட்டிருக்கும் இடத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறார். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்புக் கேட்டுக் கேட்டுத்தான் அங்கே காலம் தள்ளுகிறார். 1979-இல் எழுதிய ஒரு பட்டியலில் குடும்பம் விட்டுப்போனது பெரிய குற்றமில்லை. ஆனால், அந்த விடுபடல் இன்றுவரை ஒரு கொள்கையாகவே நடைமுறையில் இருக்கிறது. பெற்றோருக்கான தங்கும் அனுமதி, அவருடைய பணப்பையிலிருந்தோ திருமணப் பதிவிலிருந்தோ தொடங்கக் கூடாது. தாய்லாந்தின் குடிமகனாகவோ குடிமகளாகவோ பிறந்திருக்கும் அந்தக் குழந்தையின் உரிமையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

குழந்தையைப் பொறுத்தவரை சட்டம் தாராளமாகவே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி, பெற்றவள் தாய்லாந்துக் குடிமகள் என்றால் குழந்தை எந்த நாட்டில் பிறந்தாலும் அதற்குப் பிறப்பிலேயே அந்தக் குடியுரிமை வந்துவிடுகிறது. வெளிநாட்டுத் தந்தையின் நிலைமையோ காவல்துறையின் ஓர் உத்தரவைச் சார்ந்தது. புத்த ஆண்டு 2557-இல், அதாவது 2014-இல், தாய்லாந்து அரசக் காவல்துறை பிறப்பித்த 327-ஆம் எண் உத்தரவுதான் யாருக்கு நீட்டிப்பு, என்ன நிபந்தனை என்பதைத் தீர்மானிக்கிறது. தாய்லாந்துக் குழந்தையின் வெளிநாட்டுப் பெற்றோருக்கு மாதம் சராசரியாக 40,000 பாட் வருமானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கியில் 4,00,000 பாட் வைத்துக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல். இதோடு முடிவதில்லை. டி.எம். 7 என்ற விண்ணப்பப் படிவம், 1,900 பாட் கட்டணம், பாஸ்போர்ட்டின் பக்கங்களுக்கெல்லாம் கையெழுத்திட்ட நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பெயர் ஏறியிருக்கும் வீட்டுப் பதிவேடு, வங்கிச் சான்று, அன்று காலையில் பதிவு போட்ட பாஸ்புக், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், வீட்டு எண் தெரியும்படி வாசலில் குடும்பமாக நின்று எடுத்த படம், கூடத்தில் உட்கார்ந்து எடுத்த படம் என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு பாங்காக்கின் சேங் வத்தனா அரசு வளாகத்திலோ மாகாணக் குடிவரவு அலுவலகத்திலோ வரிசையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்ல மாட்டார்கள்; ‘பரிசீலனையில்’ என்று 30 நாளுக்கு ஒரு முத்திரை குத்தி அனுப்புவார்கள். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. அனுமதி கிடைத்த பிறகும் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு இத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

காகித வேலையை ஒருவர் சகித்துக்கொள்ளலாம். பணம்தான் நெஞ்சை உறுத்துகிறது. பாங்காக்கில் 2025 ஜூலையில்தான் குறைந்தபட்ச தினக்கூலி 400 பாட் ஆனது. மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தாலும் கையில் வருவது 10,400 பாட். குழந்தையோடு இருக்க ஒரு தந்தை காட்ட வேண்டிய தொகை இதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. தலைக்கு ஆண்டு வருமானம் 1,00,000 பாட்டைத் தாண்டாத குடும்பங்களின் பச்சைக் குழந்தைகளுக்கு 6 வயது வரை மாதம் 600 பாட் உதவித்தொகையை அந்த அரசே கொடுக்கிறது. அந்த வருமானத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் பிள்ளை வளர்க்கின்றன என்பது அரசுக்குத் தெரிந்த உண்மை. ஏழை என்பதற்காக ஒரு தாய்லாந்துத் தந்தையைப் பிள்ளையிடமிருந்து யாரும் பிரிப்பதில்லை. பிரிக்கலாம் என்று சொன்னால் நாடே கொதித்தெழும். அப்பா வெளிநாட்டவர் என்றால் மட்டும் ஏழ்மை பிரிவுக்குக் காரணமாகிவிடுகிறது. இன்னொரு முரணும் அந்த உத்தரவுக்குள்ளேயே இருக்கிறது. வேலையின் அடிப்படையில் நீட்டிப்புக் கேட்கும் இந்தியருக்கு அது வைத்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 35,000 பாட்; மியான்மர், லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நாட்டவருக்கு 25,000. ஊழியராக அங்கே வாழப் போதும் என்று அரசே ஒப்புக்கொண்ட தொகை, தந்தையாக வாழப் போதாது என்றால் அந்த 40,000 எந்தக் கணக்கில் வந்தது? குழந்தையின் தேவையை அளந்து வந்த எண் அது என்று சொல்ல முடியவில்லை. வங்கியில் முடங்கிக் கிடக்கும் 4,00,000 பாட், பள்ளிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ போகாமல், முத்திரைக்காகக் காத்திருக்கிறது. குழந்தையைக் காப்பாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த நிபந்தனை என்றால், குழந்தைக்குச் செலவிட்டதைத்தானே கேட்க வேண்டும்?

அந்தப் பணத்தை அங்கேயே உழைத்துச் சம்பாதிக்கலாமே என்று தோன்றலாம். குடும்ப அடிப்படையில் கிடைக்கும் தங்கும் அனுமதி வேலை செய்யும் உரிமையைத் தானாகத் தருவதில்லை. அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். வேலைக்கு வைத்துக்கொள்ளும் நிறுவனம் அதற்குரிய மூலதனம் உள்ளதாக இருக்க வேண்டும். சாலையோர வியாபாரம், முடிதிருத்துதல், வண்டி ஓட்டுதல், சுற்றுலா வழிகாட்டுதல் போன்ற தொழில்கள் தாய்லாந்து மக்களுக்கே ஒதுக்கப்பட்டவை. உள்ளூர்க்காரர்களின் பிழைப்பைப் பாதுகாக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. எந்த நாடும் செய்வதுதான். ஆனால், மனைவி நடத்தும் நூடுல்ஸ் கடையில் தட்டு எடுத்து வைப்பதும் ‘வேலை’ என்று பிடிபடக்கூடிய ஒருவரிடம், மாதம் 40,000 பாட் வருமானம் காட்டு என்று கேட்பது நடைமுறையில் ஒன்றைத்தான் சொல்கிறது: வெளிநாட்டிலிருந்து பணம் வருபவன் தந்தையாக இருக்கலாம், உழைத்துப் பிழைக்கிறவன் இருக்க முடியாது. ஐரோப்பாவில் ஓய்வூதியம் வாங்கும் 60 வயதுக்காரருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். சென்னையிலிருந்தோ டாக்காவிலிருந்தோ யாங்கூனிலிருந்தோ போய் அங்கே குடும்பம் அமைத்த 30 வயது இளைஞனுக்கு இதுவே பெரிய மதில்.

தாய்லாந்து நீண்டகால அனுமதியே தராத நாடும் அல்ல. 2022 செப்டம்பரில் பணக்காரர்களுக்கும் திறன் மிக்க நிபுணர்களுக்கும் 10 ஆண்டு விசாவைக் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் இன்னொரு விசா வந்தது. 5 ஆண்டு செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். கணினியில் தொலைவிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கும், முவாய் தாய் குத்துச்சண்டையோ தாய்லாந்துச் சமையலோ கற்க வருகிறவர்களுக்கும் அது கிடைக்கும். 5,00,000 பாட் இருப்புக் காட்டினால் போதும். அதே ஜூலையில் இந்தியா உள்ளிட்ட 93 நாடுகளின் பயணிகளுக்கு விசா இல்லாமலே 60 நாள் தங்க அனுமதித்தார்கள். பயணிகளை ஈர்ப்பது அந்த நாட்டின் பொருளாதாரத்துக்கு உயிர்நாடி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், சமையல் வகுப்புக்கு வருகிறவரை 5 ஆண்டுக்கு நம்ப முடிகிற அரசுக்கு, தன் சொந்தக் குடிமகளை வளர்க்கிற ஒருவரை ஏன் ஓராண்டுக்கு மேல் நம்ப முடியவில்லை? அவருடைய காரணம் 18, 20 ஆண்டு நீடிக்கக்கூடியது என்பது குழந்தை பிறந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2024-இல் அங்கே பிறந்த குழந்தைகள் 5 லட்சத்துக்கும் குறைவு. 2021 முதலே பிறப்பைவிட இறப்பு அதிகம். பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொள்கிற அரசுக்கு, பிறந்த பிள்ளையை வளர்க்க இரண்டு பேர் இருப்பது நல்லது என்று எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பணத்துக்கும் முந்தைய ஒரு தடை இருக்கிறது. வெளியில் அதிகம் பேசப்படாதது. தாய்லாந்தின் குடிமை வணிகச் சட்டத் தொகுப்பின் 1546-ஆவது பிரிவுப்படி, திருமணம் ஆகாத பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை அவளுக்கு மட்டுமே சட்டப்படியான பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் அப்பா என்று பெயர் எழுதியிருந்தாலும் அவர் சட்டத்தின் கண்ணில் தந்தை ஆகிவிடுவதில்லை. 1547-ஆவது பிரிவு அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறது: பெற்றோர் பிறகு திருமணம் செய்துகொள்வது, தந்தை விண்ணப்பித்துப் பதிவு செய்வது, நீதிமன்றத் தீர்ப்பு. ‘திருமணம்’ என்றால் வட்டார அலுவலகத்தில் பதிவான திருமணம். ஊர் கூடி, பிக்குகள் ஓதி, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி நடந்த கல்யாணத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. தந்தை தானே போய்ப் பதிவு செய்யலாமே என்றால், பெற்றவளும் குழந்தையும் சம்மதம் தர வேண்டும் என்கிறது 1548-ஆவது பிரிவு. கைக்குழந்தை எப்படிச் சம்மதம் சொல்லும்? விவரம் தெரிந்து பேசுகிற வயது வராத பிள்ளையென்றால் பதிவாளர்கள் பொதுவாகத் தந்தையை இளையோர் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றவள் மனமார ஒப்புக்கொண்டாலும் இதுதான் நிலை. வழக்கறிஞர், மனு, விசாரணை அலுவலரின் நேர்காணல், தீர்ப்பு, அதைக் கொண்டுபோய்ப் பதிவு என்று மாதங்கள் ஓடும். அதற்குள் பெற்றவள் இறந்துவிட்டாலோ பிரிந்துபோய்விட்டாலோ, குழந்தையைத் தோளில் போட்டு வளர்த்தவர் குடிவரவு அலுவலகக் கவுன்டரில் யாரோ ஓர் அந்நியர்தான். நாட்டில் தங்கினால்தான் வழக்கு நடத்த முடியும். வழக்கு முடிந்தால்தான் தங்க முடியும். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவருக்கு, குடிமகனைப் பார்க்க வந்தவர் என்ற முறையில் கிடைக்கும் 60 நாள் நீட்டிப்பு எதற்குக் காணும்?

முறையாகத் திருமணம் ஆனவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. திருமணத்தின் பேரில் வாங்கிய அனுமதி, விவாகரத்தோடும் மனைவியின் மரணத்தோடும் அடிப்படை இழக்கிறது. அதன்பிறகு குழந்தையின் பேரில் கேட்கலாம்; அதற்குப் பிள்ளை தன்னோடு ஒரே வீட்டில் வசிப்பதைக் காட்ட வேண்டும். விவாகரத்தில் பிள்ளை அம்மாவோடு போயிருந்தால், மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டி, சனி ஞாயிறுகளில் பிள்ளையை அழைத்துப் போகிற தந்தைக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. பிள்ளைக்கு 20 வயது முடிந்தால் இந்த வழியே மூடிக்கொள்ளும். இதில் பெண்களின் நிலைமை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்துக்காரரை மணந்த வெளிநாட்டு மனைவியிடம் காவல்துறையின் அந்த உத்தரவு வருமானக் கணக்குக் கேட்பதில்லை; சம்பாதிப்பது கணவன் பொறுப்பு என்ற பழைய எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால், அவள் விவாகரத்துப் பெற்று, குழந்தையின் அம்மா என்ற ஒரே உறவில் அனுமதி கேட்டால், பெற்றோருக்கான பண நிபந்தனை வந்து நிற்கிறது. மனைவியாக இருந்தவரை பைசா காட்ட வேண்டாத லாவோஸ் பெண், அடிக்கிற கணவனை விட்டு வெளியே வந்ததும் 4,00,000 பாட் காட்ட வேண்டும். அடியைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடு என்று எந்த அதிகாரியும் அவளிடம் சொல்லப்போவதில்லை, விதி சொல்லிவிடுகிறது.

நிபந்தனையை எட்டாதவர்களில் சிலர் போய்விடுகிறார்கள். சிலர் அனுமதி முடிந்தும் தங்கிவிடுகிறார்கள். மிகுதியாகத் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000. 2016 மார்ச்சிலிருந்து இதற்கு மேல் நுழைவுத் தடையும் சேர்ந்தது. ஓராண்டுக்கும் குறைவாக மிகுதியாகத் தங்கியவர் பிடிபட்டால் 5 ஆண்டு நாட்டுக்குள் வர முடியாது; ஓராண்டைத் தாண்டியிருந்தால் 10 ஆண்டு. இந்தத் தண்டனையைக் குழந்தையின் வயதோடு வைத்துப் பாருங்கள். 4 வயதுப் பிள்ளையின் அப்பா 5 ஆண்டு தடை பெற்றால், திரும்பி வரும்போது பிள்ளைக்கு 9 வயது. 10 ஆண்டு என்றால் 14. தடை அப்பாவின் பெயரில். அதை வாழ்ந்து கழிப்பது பிள்ளை. எழுத்தில் குற்றம் செய்தவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர் என்ற இந்த அநியாயத்தை எடைபோட்டுப் பார்க்க அந்த அட்டவணையில் இடமே இல்லை.

இதையெல்லாம் கருணையின் பேரில் கேட்கவில்லை. 1992-இல் தாய்லாந்து குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்தது. பெற்றோரிடமிருந்து குழந்தையை அதன் நலனுக்குத் தேவைப்பட்டால் ஒழியப் பிரிக்கக் கூடாது, பிரிந்திருந்தாலும் இருவரோடும் நேரடித் தொடர்பு வைத்திருக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. 2003-ஆம் ஆண்டின் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் இந்த உடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கையை உள்நாட்டுச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. எந்த விவகாரத்திலும் குழந்தையின் நலனே முதன்மை என்று அதன் 22-ஆவது பிரிவு சொல்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1999-இல் பேக்கர் வழக்கில், ஜமைக்காவில் பிறந்த ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் கோரிக்கையை நிராகரித்த அதிகாரி, கனடாவில் பிறந்த அவளுடைய நான்கு பிள்ளைகளின் நலனுக்கு உரிய எடை கொடுக்கவில்லை என்று சொல்லி அந்த முடிவை ரத்து செய்தது. அப்போது அந்த உடன்படிக்கை கனடாவின் உள்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கப்படாமலே இருந்தது. 2011 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் சம்பிரானோ வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. பெல்ஜியக் குடியுரிமை பெற்ற சிறு பிள்ளைகளின் கொலம்பியத் தந்தைக்குத் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி மறுத்தால், பிள்ளைகளும் அவரோடு வெளியேற வேண்டியிருக்கும். அப்படியானால் அவர்களுடைய குடியுரிமைக்கு என்ன பொருள் என்று கேட்டது. தாய்லாந்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்ட நாடல்ல. ஆனால், அந்தக் கேள்வி பாங்காக்குக்கும் பொருந்தும். கனடாவுக்கு அன்று இல்லாத உள்நாட்டுச் சட்டம்கூடத் தாய்லாந்திடம் இருக்கிறது. குடிவரவுக் கவுன்டர் வரை அது வந்து சேரவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, மோசடி. அனுமதியைப் பிள்ளையோடு கட்டினால், காசு கொடுத்துப் ‘பிள்ளைக்கு அப்பா’ ஆகிறவர்கள் கிளம்புவார்கள் என்கிறார்கள். பொய்த் தந்தைமை எங்கும் நடக்கக்கூடியதுதான், மறுக்க மாட்டேன். ஆனால், 4,00,000 பாட் வைப்புத்தொகை அந்த மோசடியைத் தடுக்காது. பணம் உள்ள மோசடிக்காரர் அதைச் சுலபமாகக் காட்டுவார். பணமில்லாத உண்மையான அப்பாதான் வடிகட்டப்படுகிறார். மரபணுச் சோதனை பொய்யை ஒரே வாரத்தில் பிடித்துவிடும். பள்ளியில் கையெழுத்திட்டது யார், தடுப்பூசிக்கு அழைத்துப் போனது யார், கட்டணம் கட்டியது யார் என்ற பதிவுகள், பாஸ்புக்கைவிட நேர்மையாகப் பேசும். வீட்டுக்கு வந்து பார்க்கும் அதிகாரிகள் இப்போதே இருக்கிறார்கள். அவர்கள் தேட வேண்டியது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவை.

அரசுக்குச் சுமை என்பது இரண்டாவது மறுப்பு. வெளிநாட்டவர் கட்டாமல் விட்டுப்போகும் மருத்துவமனைக் கட்டணங்கள் அங்கே உண்மையான தலைவலி. அதற்கு மருந்து மருத்துவக் காப்பீடு. ஒருவகை ஓய்வுகால விசாக்காரர்களுக்கு 2019 முதலே காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அனுபவமும் தாய்லாந்துக்கு உண்டு. பெற்றோரிடமும் அதைக் கேட்கட்டும். கூடவே ஒன்றை யோசிக்க வேண்டும்: வெளியேற்றப்பட்ட தந்தையிடமிருந்து ஜீவனாம்சம் வாங்குவது எவ்வளவு கடினம் என்பது கைவிடப்பட்ட எந்த அம்மாவுக்கும் தெரியும். குடிமை வணிகச் சட்டத் தொகுப்பின் 1564-ஆவது பிரிவு பிள்ளையைப் பராமரிப்பதைப் பெற்றோரின் கடமையாக வைத்திருக்கிறது. கடமையை ஒரு சட்டம் சுமத்த, அதைச் செய்யக்கூடிய இடத்திலிருந்து ஆளை இன்னொரு விதி துரத்தினால், மிஞ்சும் சுமை அந்த அம்மாவின் தலையிலும் அரசின் தலையிலும்தான் விழும்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லா அப்பாக்களும் நல்லவர்கள் அல்ல. அடித்தவன், குழந்தையைச் சீரழித்தவன், பிள்ளையைக் கடத்திக்கொண்டு போக நினைப்பவன் ஆகியோரின் கையிலும் இந்த உரிமை ஆயுதமாகிவிடாதா? ஆகும், பாதுகாப்பு இல்லாவிட்டால். அதனால்தான் தங்கும் அனுமதியையும் பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமையையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும். நாட்டில் இருக்கலாம் என்பதால் வீட்டுக்குள் வரலாம் என்று ஆகாது. 2007-இன் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் தடை விதித்தவருக்கு நீட்டிப்பை மறுக்கலாம். குழந்தையின் நலன் என்ற அளவுகோல் இரண்டு பக்கமும் வெட்டும். சேர்த்து வைக்கச் சொல்கிற அதே அளவுகோல், தேவைப்பட்டால் விலக்கி வைக்கவும் சொல்லும். வங்கி இருப்புக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது. 4,00,000 பாட் வைத்திருக்கும் கொடியவனுக்கும் அது கதவைத் திறந்துவிடுகிறது.

குடும்பத்தோடு அப்பாவின் நாட்டுக்கே போய்விடலாமே என்பவர்களும் உண்டு. போகலாம், அந்த நாடு தாய்லாந்து மனைவிக்கு விசா கொடுத்தால், பிள்ளை மொழி தெரியாத பள்ளியில் போய் உட்காரத் தயாரென்றால், வயதான பாட்டியை யாராவது பார்த்துக்கொண்டால். விருப்பத்தோடு போவது வேறு. தன் சொந்த நாட்டில் வாழும் உரிமையையும் தன் அப்பாவையும் காட்டி, எது வேண்டும் என்று ஒரு குடிமகளைக் கேட்பது வேறு. யாரை உள்ளே விடுவது என்பது ஒவ்வொரு நாட்டின் இறையாண்மை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்த இறையாண்மை யாருக்காக என்று கேட்டால், முதல் பதில் குடிமக்களுக்காக என்பதுதான். இந்தக் குழந்தைகள் அந்தக் குடிமக்கள்.

தாய்லாந்துக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் பயணிகள் விமானங்களை நிறுத்திக் கதவைச் சாத்திய அரசு, ஜூலை 1 முதல் யாரை உள்ளே விடலாம் என்று பட்டியல் போட்டபோது, தாய்லாந்துக் குடிமக்களின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அன்று அனுமதி இல்லை. நெருக்கடி வந்தபோது யார் விருந்தாளி, யார் வீட்டு மனிதர் என்று அரசு சரியாகவே அடையாளம் கண்டது. அந்தத் தெளிவைச் சாதாரண நாட்களிலும் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. குடிவரவுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு ஒரு தடவைக்கு ஓராண்டு என்று வரம்பு வைத்திருப்பதால், பிள்ளைக்கு 20 வயது ஆகும்வரை ஒரே அனுமதி கொடுக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். கைக்குழந்தையின் தந்தைமையை, பெற்றவள் ஒப்புக்கொண்டால் வட்டார அலுவலகத்திலேயே பதிவு செய்ய, குடிமை வணிகச் சட்டத் தொகுப்பின் 1548-ஆவது பிரிவையும் திருத்த வேண்டும். இவற்றுக்குக் காலம் பிடிக்கலாம். 40,000, 4,00,000 என்ற எண்கள் அப்படியல்ல; அவை காவல்துறை உத்தரவில் உள்ளவை. அதே காவல்துறை இன்னோர் உத்தரவால் அவற்றை எடுத்துவிட்டு, பராமரிப்பின் சான்றையும் காப்பீட்டையும் அந்த இடத்தில் வைக்கலாம். பிரிந்து வாழும் பெற்றோருக்கு, ஜீவனாம்சமும் சந்திப்பும் தொடர்கிறவரை நீட்டிப்புத் தரலாம். இதற்கு ஒரு கையெழுத்து போதும்.

அதுவரை, தாய்லாந்தில் குடும்பம் அமைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணம் பதிவாகவில்லை என்றால், பிறப்புச் சான்றிதழில் பெயர் இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். வீட்டில் சண்டை சச்சரவு இல்லாத நாளிலேயே, பெற்றவளின் சம்மதத்தோடு தந்தைமைப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பிள்ளை சிறியது என்று வட்டார அலுவலகம் திருப்பி அனுப்பினால், தாமதிக்காமல் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.